ஆன்டிவைரஸ் தடுப்பதால் பக்கம் சரியாகத் திறக்கவில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

ஒரு தளம் திறக்கவில்லை என்றதும் பெரும்பாலானவர்கள் செய்வது இரண்டே காரியம்தான். ஆன்டிவைரஸை மொத்தமாக அணைத்துவிடுவார்கள், இல்லையென்றால் எச்சரிக்கைப் பக்கத்தின் அடியில் இருக்கும் ‘தொடர்க’ இணைப்பைத் தட்டி உள்ளே போய்விடுவார்கள். தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள். தடுப்பது எது என்று தெரிந்துவிட்டால், அந்த ஒரு தளத்துக்கு மட்டும், அந்த ஒரு அடுக்கில் மட்டும் வழிவிட்டால் போதும், மீதிப் பாதுகாப்பு எல்லாம் அப்படியே இருக்கும். கீழே சொல்வதெல்லாம் பெரும்பாலும் விண்டோஸ் கணினிக்கு. போனுக்கு வேண்டியதை அங்கங்கே சொல்கிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள். அதே முகவரியை போனில், வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். அங்கும் திறக்கவில்லை என்றால் கோளாறு அநேகமாகத் தளத்திலேயே இருக்கிறது, உங்கள் ஆன்டிவைரஸைத் தொட வேண்டாம். போனில் திறக்கிறது என்றால் அந்த போனின் ஹாட்ஸ்பாட்டில் கணினியை இணைத்து மறுபடி முயலுங்கள்: இப்போது திறந்தால் சிக்கல் வீட்டு ரூட்டரிலோ டிஎன்எஸ்ஸிலோ (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) அலுவலக நெட்வொர்க்கிலோ இருக்கிறது, அப்போதும் திறக்காவிட்டால் கணினிக்குள்ளேதான். அப்புறம் வேறு பிரவுசரில் ஒருமுறை, இன்காக்னிட்டோ சாளரத்தில் ஒருமுறை. இன்காக்னிட்டோவில் எக்ஸ்டென்ஷன்கள் (பிரவுசரில் சேர்த்த துணை நிரல்கள்) வழக்கமாக இயங்காது, அதனால் அங்கே மட்டும் நன்றாக வருகிறது என்றால் ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷனோ பழைய குக்கியோதான் (தளம் பிரவுசரில் சேமித்து வைக்கும் சின்னக் குறிப்பு) காரணம். பாதிக் கோளாறுகள் எங்கே இருக்கின்றன என்பது இந்தச் சின்னச் சோதனையிலேயே தெரிந்துவிடும்.

‘உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல’ என்று எல்லாத் தளத்திலும் வருகிறது

கூகுள், விக்கிப்பீடியா, வங்கி என எதைத் திறந்தாலும் சான்றிதழ் எச்சரிக்கை வருகிறதா? சான்றிதழ் என்பது ‘நான் இந்தத் தளம்தான்’ என்று தளம் பிரவுசரிடம் காட்டும் டிஜிட்டல் அடையாள அட்டை. முதலில் திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துபோனால், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். அந்தத் தேதியில் இன்றைய சான்றிதழ்கள் எதுவும் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கியிருக்காது, அதனால் பிரவுசர் எல்லாவற்றையும் நிராகரிக்கும். தேதியைச் சரிசெய்யுங்கள், மறுபடி மறுபடி மாறினால் பேட்டரியை மாற்றுங்கள்.

தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வருகிறது என்றால்தான் ஆன்டிவைரஸ் மேல் சந்தேகப்பட வேண்டும். அது என்ன செய்கிறது என்று கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்தால் மீதிக் கோளாறுகளில் பல தானாகப் புரியும். எச்டிடிபிஎஸ் (https என்று முகவரி தொடங்கும்) தளத்துக்கும் உங்கள் பிரவுசருக்கும் நடுவே போகும் தகவல் பூட்டப்பட்டது, ஆன்டிவைரஸால் உள்ளே பார்க்க முடியாது. பார்ப்பதற்காகச் சில ஆன்டிவைரஸ்கள் நடுவில் உட்கார்ந்து பூட்டைத் திறந்து சோதித்துவிட்டு, தங்கள் சொந்தச் சான்றிதழால் மறுபடி பூட்டி பிரவுசரிடம் தருகின்றன. அந்தச் சான்றிதழைப் பிரவுசர் நம்ப வேண்டும் என்பதற்காக, நிறுவும்போதே தங்கள் ரூட் சான்றிதழை (மற்றச் சான்றிதழ்களுக்கு ஜாமீன் நிற்கும் தலைமைச் சான்றிதழ்) விண்டோஸின் நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்துவிடுகின்றன. அந்தச் சேர்க்கை பாதியில் கெட்டுப்போனால், அல்லது பிரவுசர் அந்தப் பட்டியலைப் பார்க்காவிட்டால், எல்லாத் தளமும் போலியாகத் தெரியும்.

இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். குரோமில் முகவரிக்கு இடப்பக்கம் இருக்கும் சின்னத்தைத் தட்டுங்கள் (2023க்கு முன்னால் அங்கே பூட்டுப் படம் இருந்தது, இப்போது இரண்டு சறுக்குப் பொத்தான் மாதிரி இருக்கும்). எச்சரிக்கைப் பக்கம் என்றால் அதே இடத்தில் ‘பாதுகாப்பற்றது’ என்று எழுதியிருக்கும். உள்ளே போய்ச் சான்றிதழைத் திறந்து, அதை வழங்கியவர் யார் என்ற வரியைப் படியுங்கள். அங்கே லெட்ஸ் என்க்ரிப்ட், டிஜிசெர்ட், கூகுள் டிரஸ்ட் சர்வீசஸ் போன்ற சான்றிதழ் வழங்கும் அமைப்புகளின் பெயர்கள் இருந்தால் நடுவில் யாரும் இல்லை. அவாஸ்ட் வெப்/மெயில் ஷீல்ட், காஸ்பர்ஸ்கி, இசெட் எஸ்எஸ்எல் ஃபில்டர், பிட்டிஃபெண்டர் என்று இருந்தால் உங்கள் ஆன்டிவைரஸ்தான் நடுவில் இருக்கிறது. இரண்டிலும் சேராத, கேள்விப்படாத பெயர் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அந்தக் கணினியில் கடவுச்சொல் எதையும் தட்ட வேண்டாம். 2015ல் லெனோவோ மடிக்கணினிகள் சிலவற்றில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தது, அதுவும் எல்லாக் கணினிகளிலும் ஒரே சாவியை வைத்துக்கொண்டு. சாவியை ஒருவர் கண்டுபிடித்துவிட்டால் அத்தனை கணினிகளையும் ஏமாற்றலாம் என்ற நிலை. அதனால் தெரியாத பெயரை அலட்சியமாக விடாதீர்கள்.

ஆன்டிவைரஸ்தான் என்று உறுதியானால் தீர்வு எளிது. அதன் செட்டிங்ஸில் எச்டிடிபிஎஸ் ஸ்கேனிங் அல்லது என்கிரிப்டட் கனெக்‌ஷன் ஸ்கேன் என்ற மாதிரி ஒரு அமைப்பு இருக்கும். அவாஸ்ட்டில் வெப் ஷீல்டுக்குள், காஸ்பர்ஸ்கியில் நெட்வொர்க் செட்டிங்ஸுக்குள், இசெட்டில் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் என்ற தலைப்பில் தேடுங்கள். பிரவுசர்களை எல்லாம் மூடிவிட்டு அதை அணையுங்கள், சேமியுங்கள், மறுபடி போடுங்கள். இப்படி அணைத்துப் போடும்போது ரூட் சான்றிதழ் புதிதாகச் சேர்க்கப்படும், பல சமயம் கதை அங்கேயே முடிந்துவிடும். அப்படியும் தீராவிட்டால் அந்த ஒரு அமைப்பை மட்டும் அணைத்தே வைக்கலாம். கோப்புகளைச் சோதிக்கும் வேலை தொடரும், மோசடித் தளங்களைப் பிரவுசரும் தனியாகத் தடுக்கும். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் எச்டிடிபிஎஸ் பூட்டைத் திறந்து பார்ப்பதே இல்லை, அதை மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கோளாறு வராது.

குரோமில் வருகிறது, ஃபயர்ஃபாக்ஸில் மட்டும் எச்சரிக்கை

ஃபயர்ஃபாக்ஸ் விண்டோஸின் பட்டியலை நம்பி இருப்பதில்லை, தனக்கென ஒரு சான்றிதழ்ப் பட்டியல் வைத்திருக்கிறது. 2019 தொடக்கத்தில் ஃபயர்ஃபாக்ஸ் 65 வந்தபோது அவாஸ்ட், ஏவிஜி வைத்திருந்தவர்களுக்கு எச்டிடிபிஎஸ் தளங்கள் எதுவும் திறக்காமல் போய், மொசில்லா விண்டோஸுக்கான தானியங்கிப் புதுப்பிப்பையே கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தது. அதன் பிறகு வந்த பதிப்புகள் இப்படி ஒரு ஆன்டிவைரஸ் நடுவில் இருப்பதை உணர்ந்தால் விண்டோஸ் பட்டியலையும் பார்க்கின்றன. உங்களுடையது பார்க்கவில்லை என்றால், செட்டிங்ஸில் ‘பிரைவசி’ பகுதியில் சான்றிதழ்கள் என்ற இடத்தில், நீங்கள் நிறுவிய மூன்றாம் தரப்பு ரூட் சான்றிதழ்களைத் தானாக நம்பு என்ற பெட்டியை டிக் செய்யுங்கள். அவ்வளவுதான்.

ஒரே ஒரு தளத்தில் மட்டும் சான்றிதழ் எச்சரிக்கை

இது அநேகமாக உங்கள் கோளாறு இல்லை. தளத்துக்காரர்கள் சான்றிதழைப் புதுப்பிக்க மறந்திருப்பார்கள், அல்லது உங்கள் கணினி மிகப் பழையது. 2021 செப்டம்பர் 30 அன்று லெட்ஸ் என்க்ரிப்ட் நம்பியிருந்த ஒரு பழைய ரூட் சான்றிதழ் காலாவதியானபோது, புதுப்பிக்கப்படாத விண்டோஸ் 7 கணினிகளிலும் பழைய கருவிகள் பலவற்றிலும் நல்ல தளங்கள்கூடத் திறக்காமல் போயின. பழைய கணினிதான் கதி என்றால் ஃபயர்ஃபாக்ஸ் போட்டுப் பாருங்கள், மேலே சொன்ன அதன் தனிப் பட்டியல் இங்கே கைகொடுக்கும். செய்தி படிக்கும் தளத்தில் தேதி தாண்டிய சான்றிதழ் என்றால் ஒருநாள் பொறுத்துப் பார்க்கலாம். வங்கி, வரி, மின்னஞ்சல் என்றால் எச்சரிக்கையைத் தாண்டிப் போகவே போகாதீர்கள், எவ்வளவு அவசரமானாலும்.

பக்கம் வருகிறது, ஆனால் வெறும் எழுத்தாக, படமில்லாமல், ஒழுங்கில்லாமல்

ஒரு பக்கம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. எழுத்து ஒரு முகவரியிலிருந்தும், வடிவமைப்புக் கோப்பும் படங்களும் இன்னொரு முகவரியிலிருந்தும், பொத்தான்களை இயக்கும் ஸ்கிரிப்ட் மூன்றாவது முகவரியிலிருந்தும் வரும். இதில் இரண்டாவதோ மூன்றாவதோ தடுக்கப்பட்டால் பக்கம் இப்படி எலும்புக்கூடாக நிற்கும். எது என்று பார்க்க எஃப்12 விசையை அழுத்துங்கள். நெட்வொர்க் என்ற தாவலைத் திறந்துகொண்டு பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். வரிவரியாகக் கோப்புகள் வந்து விழும், சிவப்பில் இருப்பவை வராதவை. பக்கத்துத் தாவலான கன்சோலில் அதற்கான காரணம் இருக்கும்.

அங்கே ‘பிளாக்ட் பை கிளையன்ட்’ என்று முடியும் பிழை தெரிந்தால் தடுத்தது பெரும்பாலும் உங்கள் எக்ஸ்டென்ஷன், அதாவது விளம்பரத் தடுப்பானோ ஆன்டிவைரஸ் பிரவுசருக்குள் போட்டுவிட்ட அதன் சொந்த எக்ஸ்டென்ஷனோ. ஒவ்வொன்றாக அணைத்து ரீலோட் செய்து பாருங்கள். குற்றவாளி கிடைத்ததும் அதை நீக்கத் தேவையில்லை, அந்தத் தளத்துக்கு மட்டும் ஓய்வு கொடுக்கும் வசதி பெரும்பாலான தடுப்பான்களில் இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸிலும் பிரேவிலும் பிரவுசரே தடுக்கும், முகவரிப் பட்டையில் ஃபயர்ஃபாக்ஸில் கேடயத்தையும் பிரேவில் சிங்கத்தையும் தட்டி அந்தத் தளத்துக்கு மட்டும் தளர்த்தலாம்.

பிழையில் ‘செர்ட்’ என்ற சொல் வந்தால் அது சான்றிதழ்ச் சிக்கல். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. முதன்மைப் பக்கத்தின் சான்றிதழ் சரியில்லை என்றால் பிரவுசர் பெரிய எச்சரிக்கை காட்டும், படமோ ஸ்கிரிப்டோ வரும் துணை முகவரியின் சான்றிதழ் சரியில்லை என்றால் எதுவும் சொல்லாமல் அந்தக் கோப்பை விட்டுவிடும். தளத்தின் முகவரியை ஆன்டிவைரஸின் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டேன், இன்னும் பக்கம் அலங்கோலமாகத்தான் வருகிறது என்று பலர் தவிப்பது இதனால்தான். அந்தத் துணை முகவரி விலக்கில் இல்லை. சிவப்பு வரியை வலது சொடுக்கிட்டுப் புதிய தாவலில் திறந்தால் மறைந்திருந்த எச்சரிக்கை வெளியே வந்துவிடும், எந்த முகவரியைச் சேர்க்க வேண்டும் என்பதும் தெரியும்.

இன்னொன்று. சில ஆன்டிவைரஸ்கள் நடுவில் நின்று பார்ப்பதோடு நிற்காமல், ஒவ்வொரு பக்கத்திலும் தங்கள் ஸ்கிரிப்ட் ஒன்றையும் செருகுகின்றன. காஸ்பர்ஸ்கி அப்படிச் செருகிய ஸ்கிரிப்டில் ஒவ்வொரு பயனருக்கும் தனி அடையாள எண் இருந்ததையும், அதை வைத்து எந்தத் தளமும் பயனரைப் பின்தொடர முடியும் என்பதையும் 2019ல் ஜெர்மனியின் ஒரு கணினி இதழ் வெளிக்கொண்டுவந்தது, நிறுவனமும் அதை மாற்றியது. தளத்துக்காரர் எழுதாத இந்த வரிகள் தளத்தின் சொந்த ஸ்கிரிப்டோடு மோதலாம். பக்கத்தின் மூலத்தைத் திறந்து ஆன்டிவைரஸ் பெயர் எங்காவது தென்படுகிறதா என்று தேடுங்கள், தென்பட்டால் ஸ்கிரிப்ட் செருகும் அமைப்பைச் செட்டிங்ஸில் அணைத்துவிடலாம். நான் அதை எப்போதும் அணைத்தே வைக்கச் சொல்வேன்.

பணம் செலுத்தும் இடத்தில் ஓடிபி பக்கம் வெள்ளையாக நிற்கிறது

இங்கே எதையும் தொடுவதற்கு முன்னால் வங்கியிலிருந்து பணம் எடுத்ததாகக் குறுஞ்செய்தி வந்திருக்கிறதா என்று பாருங்கள். ரீலோட் செய்யாதீர்கள், பின்னால் போகாதீர்கள். கடைத் தளத்திலிருந்து பேமென்ட் கேட்வே (கடைக்காகப் பணம் வசூலிக்கும் இடைநிலைத் தளம்), அங்கிருந்து உங்கள் அட்டையை வழங்கிய வங்கியின் ஓடிபி பக்கம் என்று மூன்று வெவ்வேறு முகவரிகளுக்கு பிரவுசர் தாவுகிறது. அதில் கடைசிப் பக்கம் பாப்அப்பாகவோ பக்கத்துக்குள் பக்கமாகவோ திறக்கும்போது, பாப்அப் தடுப்பானோ மூன்றாம் தரப்பு குக்கித் தடையோ அதை நிறுத்திவிடுகிறது. பணம் போகவில்லை என்று உறுதியான பிறகு, அந்தத் தளத்துக்குத் தடுப்பானை அணைத்துவிட்டு, பாப்அப்பை அனுமதித்துவிட்டு, பக்கத்தைப் புதிதாகத் திறந்து முதலிலிருந்து தொடங்குங்கள். உங்கள் ஆன்டிவைரஸ் வங்கிக்கெனத் தனிப் பாதுகாப்புச் சாளரம் திறக்கும் வகை என்றால், கடைத் தளம் சாதாரணச் சாளரத்திலும் வங்கிப் பக்கம் அந்தத் தனிச் சாளரத்திலும் பிரிந்துபோய் இரண்டுக்கும் தொடர்பு அறுந்துவிடும். முழுவதையும் ஒரே சாளரத்தில் செய்யுங்கள். உள்நுழைந்த உடனே மறுபடி உள்நுழையச் சொல்லிச் சுற்றிச் சுற்றி வரும் தளங்களுக்கும் காரணம் பெரும்பாலும் இதே குக்கித் தடைதான்.

ஜிஎஸ்டி தளத்தில் டிஜிட்டல் கையொப்பம் வேலை செய்யவில்லை

கணக்கு அலுவலகங்களில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த தலைவலி. ரிட்டர்ன் தயார், கையொப்பம் இருக்கும் யுஎஸ்பி டோக்கன் செருகியாயிற்று, கையொப்பமிடும் பொத்தானை அழுத்தினால் சர்வரோடு தொடர்பு கொள்ள முடியவில்லை, எம்சைனரை (கையொப்பமிட உதவும் நிரல்) மறுபடி தொடங்குங்கள் என்று வரும். இங்கே சொல்லப்படும் சர்வர் டெல்லியில் இல்லை, உங்கள் மேசையில்தான் இருக்கிறது. எம்சைனர் உங்கள் கணினிக்குள்ளேயே 127.0.0.1 என்ற முகவரியில், 1585 என்ற போர்ட்டில் (இணைப்பு வந்து சேரும் வாசல் எண்) காத்திருக்கும் ஒரு சின்ன சர்வர், ஜிஎஸ்டி பக்கம் பிரவுசர் வழியாக அதோடு பேசுகிறது. வெளியிலிருந்து வந்த பக்கம் ஒன்று கணினிக்குள் இருக்கும் ஒரு நிரலோடு பேசுவதைப் பார்த்தால் பாதுகாப்பு மென்பொருளுக்குச் சந்தேகம் வருவது நியாயம்தான்.

சரிசெய்யும் வரிசை இது. கடிகாரம் பக்கத்தில் எம்சைனர் சின்னம் ஓடுகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்குங்கள். பிரவுசரில் எச்டிடிபிஎஸ் போட்டு 127.0.0.1:1585 என்று தட்டுங்கள். சான்றிதழ் எச்சரிக்கை வந்தால், இது உங்கள் சொந்தக் கணினியின் முகவரி என்பதால், இங்கே மட்டும் ஏற்றுக்கொள்ளலாம். எண்ணை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்துவிட்டுச் செய்யுங்கள். எச்சரிக்கைகூட வராமல் இணைப்பு மறுக்கப்பட்டது என்று வந்தால் நிரல் ஓடவில்லை, அல்லது ஃபயர்வால் (எந்த இணைப்பை விடுவது என்று காவல் நிற்கும் மென்பொருள்) தடுக்கிறது; ஃபயர்வாலில் அந்த நிரலை அனுமதியுங்கள், ஆன்டிவைரஸின் எச்டிடிபிஎஸ் விலக்கில் 127.0.0.1ஐச் சேருங்கள். புதிய குரோம், இந்தத் தளம் உங்கள் உள்ளூர் நெட்வொர்க்கில் உள்ள கருவிகளோடோ இந்தக் கணினியில் உள்ள மற்ற நிரல்களோடோ இணைய விரும்புகிறது என்று அனுமதி கேட்கலாம். ஜிஎஸ்டி தளத்துக்குக் கொடுங்கள். முன்பு ஒருமுறை மறுத்திருந்தால் அது நினைவில் வைத்துக்கொண்டு மறுத்துக்கொண்டே இருக்கும், தளத்தின் அனுமதிகளுக்குள் போய் மாற்ற வேண்டும்.

சிவப்புப் பக்கம்: ‘ஆபத்தான தளம்’

முதலில் அந்தப் பக்கத்தைக் காட்டுவது யார் என்று படியுங்கள். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் கூகுளின் சேஃப் பிரவுசிங் பட்டியலை வைத்துக் காட்டும், எட்ஜ் ஸ்மார்ட்ஸ்கிரீனை வைத்துக் காட்டும், ஆன்டிவைரஸ் என்றால் அதன் பெயர் பக்கத்திலேயே இருக்கும். பெயர் எதுவும் இல்லாமல் தளம் கிடைக்கவில்லை என்று மட்டும் வந்தால் டிஎன்எஸ்ஸில் தடுப்பு இருக்கலாம்: ரூட்டரிலோ போனிலோ 1.1.1.2, 1.1.1.3, 9.9.9.9 போன்றவை போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், இவை ஆபத்தானவை என்று பட்டியலிட்ட பெயர்களுக்கு வழி சொல்லாது (1.1.1.3 வயது வந்தோருக்கான தளங்களையும் தடுக்கும்). ஆண்ட்ராய்டில் பிரைவேட் டிஎன்எஸ் என்ற அமைப்பில் விளம்பரத் தடுப்பு முகவரி ஒன்றை எப்போதோ போட்டுவிட்டு மறந்திருப்பவர்கள் நிறைய.

தவறான எச்சரிக்கை என்று உங்களுக்குத் தோன்றலாம், ஆனாலும் அப்படி முடிவு கட்டும் முன் முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். அரசுத் தளம் என்றால் பெயர் கவ்.இன் (gov.in) என்றோ நிக்.இன் (nic.in) என்றோ முடிகிறதா? வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பா? வைரஸ்டோட்டல் தளத்தில் முகவரியை ஒட்டினால் பல நிறுவனங்களின் கணிப்பு ஒரே இடத்தில் தெரியும். ஒன்றே ஒன்று மட்டும் ஆபத்து என்றால் தவறாக இருக்க வாய்ப்பு அதிகம், ஐந்தாறு பேர் சொன்னால் விட்டுவிடுங்கள். தவறுதான் என்றால் அந்த நிறுவனத்துக்குப் புகார் அனுப்பும் படிவம் இருக்கும், அனுப்புங்கள், அடுத்தவருக்கும் உதவும். சிவப்பாவது உங்கள் சொந்தத் தளம் என்றால் கூகுள் சர்ச் கன்சோலில் பாதுகாப்புச் சிக்கல்கள் பகுதியைப் பாருங்கள். பழைய வேர்ட்பிரஸ் பிளகின் வழியாக யாரோ உள்ளே நுழைந்திருக்கலாம், அப்போது எச்சரிக்கை சரியே.

சுற்றிக்கொண்டே இருக்கிறது, பாதியில் அறுந்துபோகிறது

ஒரே கணினியில் இரண்டு ஆன்டிவைரஸ் ஓடுகிறதா பாருங்கள். மடிக்கணினியோடு இலவசமாக வந்து காலாவதியான ஒன்று, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ஒன்று, இரண்டும் ஒரே இணைப்பைத் திறந்து பார்க்கப் போட்டியிடும். ஒன்றை நீக்குங்கள். விபிஎன் (இணைப்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் சேவை) இருந்தால் அணைத்துப் பாருங்கள், ‘நீங்கள் மனிதர்தானா’ சோதனை முடிவில்லாமல் திரும்பத் திரும்ப வருவதற்கும் பெரும்பாலும் விபிஎன்தான் காரணம்.

ஆன்டிவைரஸை நீக்கிய பிறகு எந்தத் தளமும் திறக்கவில்லை

வைஃபை இணைந்திருக்கிறது, வாட்ஸ்அப் டெஸ்க்டாப்கூட ஓடலாம், பிரவுசர் மட்டும் செத்துக் கிடக்கும். விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க், அதில் பிராக்ஸி (பிரவுசர் எந்த இடைநிரல் வழியாக வெளியே போக வேண்டும் என்ற அமைப்பு) என்ற இடத்தைத் திறங்கள். அங்கே 127.0.0.1 என்று ஏதாவது எஞ்சியிருந்தால் பிராக்ஸியை அணையுங்கள். இல்லாத நிரல் வழியாகப் போகப் பார்த்துக்கொண்டிருக்கிறது பிரவுசர். அது இல்லை என்றால் அந்த ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் தளத்திலிருந்தே அதன் முழு நீக்கக் கருவியை இன்னொரு கணினியில் இறக்கி, சேஃப் மோடில் இயக்குங்கள். கடைசியாக, கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து netsh winsock reset (நெட்ஷ் வின்சாக் ரீசெட்) கட்டளையைக் கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். குறிப்பிட்ட சில தளங்கள் மட்டும் வரவில்லை என்றால் விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, டிரைவர்ஸ், எட்சி (etc) என்று போய் ஹோஸ்ட்ஸ் (hosts) கோப்பை, அதாவது எந்தத் தளப் பெயர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று கணினியிலேயே எழுதி வைக்கும் பட்டியலை, நோட்பேடில் திறந்து பாருங்கள். அந்தத் தளங்களின் பெயர் அங்கே இருந்தால் யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள்.

அலுவலகம், கல்லூரி நெட்வொர்க்கில் மட்டும்

அங்கே நடுவில் இருப்பது நிறுவனத்தின் ஃபயர்வால். அதைச் சுற்றிப் போக விபிஎன் போடாதீர்கள், வேலைக்கே பிரச்சினையாகலாம். ஐடி பிரிவிடம் அவர்களுடைய ரூட் சான்றிதழைக் கேட்டு வாங்கி நிறுவுங்கள். சொந்தப் போனில் அதை நிறுவினால் அந்தப் போனிலிருந்து அந்த நெட்வொர்க் வழியாகப் போவதை அவர்களால் பார்க்க முடியும் என்பதைத் தெரிந்துகொண்டு நிறுவுங்கள்.

இத்தனைக்கும் பிடிபடவில்லை என்றால் மட்டும் ஆன்டிவைரஸைப் பத்து நிமிடம் நிறுத்திப் பாருங்கள், பெரும்பாலானவற்றில் நேரம் குறித்து நிறுத்தும் வசதி இருக்கிறது, தானாகத் திரும்ப வந்துவிடும். அந்தப் பத்து நிமிடத்தில் வேறு தளம் எதையும் திறக்காதீர்கள், வந்த கோப்பு எதையும் திறக்காதீர்கள். நிறுத்தினால் திறக்கிறது, போட்டால் மூடுகிறது என்று உறுதியானால் ஆதரவு மையத்துக்கு எழுதுங்கள்: தளத்தின் முழு முகவரி, பிரவுசர் பதிப்பு, ஆன்டிவைரஸ் பதிப்பு, சான்றிதழில் வழங்கியவர் என்று இருந்த பெயர், கன்சோலில் சிவப்பாக இருந்த வரியின் படம். சென்னையின் கே7, புனேயின் குயிக் ஹீல் இரண்டுமே நம் ஊர் நிறுவனங்கள் என்பதால் அவற்றை வைத்திருப்பவர்கள் நேரடியாகப் போன் செய்தும் கேட்கலாம், இந்த ஐந்து விவரமும் கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.